லேபிளின் பின்பக்கம்

பிளானோ, டெக்சாஸ்
12-9-2025

அன்புத் தம்பி நெடுஞ்செழியனுக்கு,

அக்கா வசந்தாமணி எழுதுகிறேன். இங்கே நானும் முகிலனும் யாமினியும் ஓவியாவும் நலம். கரூரில் நீயும் வீட்டாரும், கம்பெனியில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிற அக்கா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்த ஊர் வீடுகள் மரச் சட்டத்தில் அட்டையை அடித்துக் கட்டியவை. ஓர் அறையில் தும்மினால் மூன்றாவது அறையிலிருந்து ‘பிளெஸ் யூ’ வரும். நான் சொல்லப்போவது மூன்றாவது அறைக்குக் கேட்கக் கூடாத விஷயம். கோயிலில் பழக்கமான ராஜலக்ஷ்மி, கண் ஆபரேஷன் ஆன தன் அம்மாவைப் பார்க்க மூன்று வாரம் ஈரோடு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவளிடமே கொடு. பார்சல் எதுவும் தபாலில் அனுப்ப முயலாதே. புது உத்தரவுக்குப் பிறகு நம் ஊர்த் தபால் ஆபீஸில் அமெரிக்காவுக்குப் பார்சல் வாங்குவதையே நிறுத்திவிட்டார்களாம்.

வெயில் இன்னும் குறையவில்லை. காலை ஏழு மணிக்கு நடந்துவிட்டு வந்துவிடுகிறேன். அதற்குப் பிறகு யாராவது காரில் கூட்டிப்போனால்தான் வெளி உலகம். முழங்கால் பரவாயில்லை.

உத்தரவு என்றதும் உனக்கு வயிறு எரியும் என்று தெரியும். ஆகஸ்ட் கடைசியில் நம் ஊர்ச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி என்று வந்ததிலிருந்து உன் குரலே மாறிவிட்டது. செக்கிங் மேஜைகளில் பாதி காலி என்று நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவர் ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு கையெழுத்துப் போடுகிறார், எட்டாயிரம் மைலுக்கு அப்பால் தறி நிற்கிறது. இதே நாட்டில் 1942-இல் இப்படி ஒரு கையெழுத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சத்தார் வீட்டைப் பூட்டிவிட்டு முகாம்களுக்குப் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு அதை ஐந்து நிமிஷத்தில் நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெற்ற பிள்ளை முகிலன் மேலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்த கம்ப்யூட்டர் வேலை போனபின் அவன் இந்த வியாபாரத்தைத் தொடங்கியது உன்னை நம்பித்தான். உன் கம்பெனியின் கிச்சன் டவலும் ஏப்ரனும் மேஜை விரிப்பும்தான் அவனுடைய மொத்தச் சரக்கு. ஐம்பது சதவீதம் என்றால் அவன் கடையை மூட வேண்டியதுதானே? ஆனால் அவன் முகத்தில் அந்தக் கவலை இல்லை. கேரேஜில் பழைய சாமான்களை எல்லாம் அகற்றி இடம் பண்ணுகிறான். எதற்கு என்று கேட்டேன். சும்மா க்ளீன் பண்றேம்மா என்றான். பதினைந்து வருஷமாக அவன் சும்மா எதையும் சுத்தம் பண்ணியதில்லை.

உன் போன் வந்தால் எழுந்து கேரேஜுக்குப் போய்விடுகிறான். நான் உள்ளே போனால் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறுகிறது. யாமினியிடம் கேட்டால், அத்தை, அதெல்லாம் பிசினஸ் விஷயம், நீங்க டென்ஷன் ஆகாதீங்க என்கிறாள். நான் கதவோரம் நிற்பதைப் பார்த்து ஓவியா, பாட்டி, ஆர் யூ எ டிடெக்டிவ் என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

புதிதாக ஒருவன் வருகிறான். சிவப்புக் கார். முகிலன் வயதுதான் இருக்கும். பெயரைச் சொல்லாமல் ஃபிரெண்டும்மா என்று மட்டும் முகிலன் அறிமுகப்படுத்தினான். ஆன்ட்டி, முழங்கால் எப்படி இருக்கு என்று மரியாதையாகத்தான் கேட்டான். என் முழங்கால் விஷயம் இவனுக்கு யார் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். ஹாலில் உட்காராமல் நேராகக் கேரேஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பேப்பர் எல்லாம் பக்கா என்று அவன் சொன்னது கேட்டது. மொம்பாசா என்ற பெயர் இரண்டு தடவை காதில் விழுந்தது. அது கென்யாவின் துறைமுகம். எத்தனை வருஷம் பிள்ளைகளை வரைபடத்தில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். டவல் விற்கிறவனுக்கு மொம்பாசாவில் என்ன வேலை?

போன வாரம் ராஜலக்ஷ்மி என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே இந்த டெக்சாஸின் பழைய கதை ஒன்று படித்தேன். 1861-இல் உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்கே இருந்த ஜனாதிபதி, தென் மாநிலத் துறைமுகங்களை எல்லாம் முற்றுகையிடச் சொல்லி உத்தரவு போட்டார். டெக்சாஸ்காரன் சும்மா இருந்தானா? பருத்தியை மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றைத் தாண்டி மெக்சிகோவின் மாட்டமோரோஸுக்குக் கொண்டுபோனான். அக்கரை போனதும் அது நடுநிலை நாட்டுச் சரக்கு. வேறு கொடி பறக்கிற கப்பலில் ஏறி இங்கிலாந்துக்குப் போனது. ஆற்றைத் தாண்டினால் பருத்திக்கு நாடு மாறிவிடும் என்று எல்லோரும் சேர்ந்து நம்பிய மாதிரி நடித்தார்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மொம்பாசா ஞாபகம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

செழியா, முகிலனுக்கு நவம்பர் 24-ஆம் தேதி குடியுரிமை நேர்காணல். சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு கேட்பார்கள், அரசாங்க அதிகாரி யாரிடமாவது எப்போதாவது பொய்யான தகவலோ காகிதமோ கொடுத்ததுண்டா என்று. யாமினி அந்தக் கேள்விகளை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். நான் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் அந்த வரி கண்ணில் படுகிறது. அங்கே அவன் பொய் சொல்ல வேண்டி வந்தால் குடியுரிமை போவது மட்டுமில்லை, பதினைந்து வருஷ வாழ்க்கையே இல்லை என்று ஆகிவிடும்.

உன்னிடம் இரண்டு உதவி கேட்கிறேன். முகிலனோ அந்தச் சிவப்புக் கார்க்காரனோ காகிதத்தை மாற்றித் தரச் சொன்னால் மறுத்துவிடு. இரண்டாவது, நம் குடும்பப் பழக்கம். உன் மேஜை டிராயரில் கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்பேட் எப்போதும் கிடக்கும். நீ ஊரில் இல்லாதபோது அவசரத்துக்கு டைப் அடித்துக்கொள்ளட்டும் என்று ஆடிட்டருக்கும் ஏஜென்ட்டுக்கும் கொடுத்துவிடுவாய். அப்பாவும் அப்படித்தான். கையெழுத்துக் கேட்டு அலையவிடுவது நம்பாத மாதிரி ஆகிவிடும் என்பார். தயவுசெய்து அதில் ஒரு தாள்கூட முகிலன் கைக்கு வராமல் பார்த்துக்கொள்.

நான் எழுதியதை அவனிடம் சொல்லாதே. தாய்மாமன் சொன்னால் அவன் கேட்பான். நான் சொன்னால் டென்ஷன் என்பான். உன்னைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள்? நீயும் உன் கம்பெனியும் இந்தப் புயலைத் தாண்டி வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா

*

பிளானோ
19-10-2025

தம்பி நெடுஞ்செழியனுக்கு,

நாளைக்குத் தீபாவளி. உனக்கும் வீட்டாருக்கும் என் ஆசிகள். ராஜலக்ஷ்மி கொண்டுவந்த எள்ளு முறுக்கு நொறுங்காமல் வந்தது. உன் கடிதமும் வந்தது.

முதலில் படித்தபோது நிம்மதியாக இருந்தது. நான் முகிலனிடம் பேசிக்கொள்கிறேன், நீ ஒன்றும் கேட்காதே, நேர்காணல் முடியும்வரை அவன் மனதைக் கலைக்காதே என்று எழுதியிருந்தாய். அந்த அச்சுதன் சகவாசம் வேண்டாம் என்று அவனிடம் கண்டித்துச் சொல்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். பார், என் தம்பி இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

எழுந்து காபி குடிக்கும்போது மறுபடி எடுத்துப் படித்தேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். மாதத் தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க நாங்கள் இரண்டு வரிசைக்கு இரண்டு வினாத்தாள் கொடுப்போம். பதிலைப் பார்த்து யார் காப்பி அடித்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் சில பேர் தன் வினாத்தாளில் இல்லாத கேள்விக்குப் பதில் எழுதியிருப்பார்கள். அங்கே மாட்டிக்கொள்வார்கள். நான் உனக்கு எழுதிய கடிதத்தில் சிவப்புக் கார் என்றுதான் எழுதினேன். அவன் பெயர் அப்போது எனக்கே தெரியாது. அச்சுதன் என்று உனக்கு யார் சொன்னது, செழியா?

அவன் பெயர் அச்சுதன்தான். இந்த மாதத் தொடக்கத்தில் ஓவியா சொல்லித் தெரிந்துகொண்டேன். என் முழங்கால் வலி அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதும் இப்போது புரிகிறது. அதைப் பற்றி நான் புலம்புவது உன்னிடம் மட்டும்தான்.

இருந்தும் உன்மேல் சந்தேகப்பட என் மனம் ஒப்பவில்லை. முகிலன் சொல்லியிருப்பான், அதனால் பெயர் தெரிந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஏழாம் தேதி சரக்கு வந்தது. நாற்பது அட்டைப்பெட்டிகள். முகிலன் கடைகளைப் பார்க்கப் போயிருந்தான். அடுப்படியில் கைத்துணி கிழிந்து போயிருந்ததால், ஒரு டவலை எடுத்துக்கொள்ளலாம் என்று பெட்டி ஒன்றைப் பிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், கைத்துணி ஒரு சாக்குதான்.

டவலின் ஓரத்து லேபிளில் கென்யாவில் தயாரானது என்று ஆங்கிலத்தில் இருந்தது. நீலக் கோடு போட்ட வெள்ளை டவல். உன் கம்பெனி டவல் மாதிரியே இருக்கிறதே என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில் ஒரு ‘ம’.

நீ கம்பெனி தொடங்கிய வருஷம் உனக்கு நான் சொன்ன யோசனை அது. விடைத்தாளில் கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போடுவது போல, செக்கிங் பெண்கள் லேபிளின் பின்னால் தங்கள் பெயரின் முதலெழுத்தைப் பென்சிலில் போடட்டும், குறை வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும், ஒரு முறை துவைத்தால் போய்விடும் என்றேன். நீ கைதட்டிச் சிரித்தாய். வாத்தியாரம்மா வாத்தியாரம்மாதான் என்றாய்.

இந்த ‘ம’வுக்குக் கீழே கொக்கி மாதிரி ஒரு வால். அது மயிலாத்தாள் எழுத்து. பத்தாம் வகுப்பு வரை மூன்று வருஷம் என்னிடம் படித்தவள், நான் சொல்லி நீ வேலைக்கு வைத்தவள். அந்த வாலை வெட்டு வெட்டு என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். பத்தாயிரம் விடைத்தாளில் கலந்து கொடுத்தாலும் அவள் எழுத்தை நான் தனியாக எடுப்பேன். அவள் கரூர் எல்லையைத் தாண்டி வேலைக்குப் போனவள் இல்லை. பென்சில் குறி துணியில் இருந்தால், துணி மட்டும் கரூரிலிருந்து போயிருக்கும் என்று சொல்லலாம். குறி லேபிளில் இருக்கிறது. கென்யா என்ற அந்த லேபிளே உன் கம்பெனியில்தான் தைக்கப்பட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் முகிலனை உட்காரவைத்துக் கேட்டேன். அவன் முதலில் கோபப்பட்டான். “மாமா மொம்பாசால யூனிட் ஆரம்பிச்சிருக்காரும்மா. அச்சுதன்தான் அங்க பார்ட்னர். நெய்யறது, தைக்கறது எல்லாம் அங்கதான். கென்யா சரக்குக்கு இங்க வரி பத்து பர்சென்ட்தான். உனக்குப் படபடப்புன்னு மாமாதான் சொல்ல வேணாம்னாரு.”

நான் லேபிளைத் திருப்பிக் காட்டினேன். அவனும் கோடை விடுமுறைக்கெல்லாம் உன் கம்பெனியில் பந்து விளையாடி வளர்ந்தவன்தானே. பென்சில் குறி என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பெட்டியை அவனே பிரித்தான். அதற்கடுத்ததையும் பிரித்தான். ‘ம’, ‘பா’, ‘ம’, ‘ச’. கேரேஜ் தரையில் டவல்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டான். வேர்த்துக் கொட்டியது. ஃபேன் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

உன்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. கையிலிருந்த டவலை மடித்து வைத்துவிட்டு, “அம்மா, நான் மாமாகிட்ட லெட்டர்பேட் குடுத்துட்டு வந்திருக்கேன்” என்றான்.

வைகாசியில் உன் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது, அவனுடைய வியாபார லெட்டர்பேடில் பன்னிரண்டு தாளில் கையெழுத்துப் போட்டு உன்னிடம் கொடுத்தானாம். டைம் வித்தியாசத்தில் ஒவ்வொன்றுக்கும் அவனைப் பிடிக்க முடியவில்லை என்று நீ சொன்னாயாம். கட்டிய வேட்டியோடு மண்டபத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் போட்டானாம். அதில் இரண்டு தாள் கென்யா சரக்கு என்று உறுதி சொல்லும் கடிதங்களாகி, இந்நாட்டுச் சுங்க அலுவலகத்தில் இப்போது இருக்கின்றன.

நான் உனக்கு எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்க்கிறேன். உன் கையெழுத்து முகிலன் கைக்கு வரக் கூடாது என்று கெஞ்சியிருந்தேன். அதை நீ படித்தபோது, அவன் கையெழுத்து உன் டிராயருக்குள் இருந்தது.

எதை நினைத்தாலும் இப்போது சந்தேகம் வருகிறது. வைகாசியில் இந்த ஐம்பது சதவீதம் இல்லை. வரி கூடப்போகிறது என்று ஏப்ரலிலிருந்து பேச்சு மட்டும் இருந்தது. அப்போதே உன் மனதில் இது இருந்ததா? கல்யாண வீட்டில் என் பிள்ளையை அருகில் உட்காரவைத்து ரசம் ஊற்றச் சொன்னாயே, அப்போதா? விசா முடிவதற்குள் ஆறு மாதமும் இருந்துவிட்டு வா அக்கா என்று என்னை நீ வற்புறுத்தி அனுப்பியது அன்பினாலா, நான் கரூரில் கம்பெனிக்கு வந்து போய்க்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காகவா? இப்படியெல்லாம் யோசிக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் யோசிக்கிறேன்.

1939-இல் இங்கிலாந்து போர் தொடுத்த அன்று, இந்தியாவும் போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் அறிவித்தார். நம் தலைவர்கள் ஒருவரையும் கேட்கவில்லை. காலையில் எழுந்தவர்களுக்குத் தாங்கள் போரில் இருப்பது தெரிந்தது. அதைப் பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்பார்கள், கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ, ஏன் டீச்சர் கேட்கவில்லை என்று. நானும் உன்னை அதைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு கண்டெய்னர் கடலில் இருக்கிறது என்று முகிலன் சொல்கிறான். அதைத் திருப்பு. மீதிப் பத்துத் தாளையும் உடனே கூரியரில் அனுப்பு. நடந்ததை எழுத்தில் எழுது. எனக்கு இல்லை, அவனுக்கு எழுது.

அக்கா வசந்தாமணி

*

பிளானோ
9-11-2025

செழியா,

நலம் விசாரித்துத் தொடங்க மனமில்லை. ஆனாலும் விசாரிக்காமல் இருக்க முடியவில்லை. உனக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தாதே.

என் இரண்டாவது கடிதம் கிடைத்தது என்று உன் போனிலிருந்து தெரிந்தது. எழுதி அனுப்பு என்று கேட்டேன், நீ போன் பண்ணினாய். போனில் சொன்னது காற்றோடு போய்விடும் என்பது உனக்கும் தெரியும். நீ சொன்னதை நான் ஒரு தாளில் குறித்து வைத்தேன். பழக்கதோஷம்.

“அக்கா, ஊரே இப்பிடித்தான் பண்ணுது. நா மட்டும் அரிச்சந்திரனா இருந்தா நூத்தி நாப்பது குடும்பம் என்னாகறது? மயிலாத்தா வூட்டுல அடுப்பு எரிய வேணாமா? லேபிளு மாத்தறது கொலைக்குத்தமா?”

கொலைக்குற்றம் இல்லைதான். உன் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்துக்காரன் நம் அச்சுத் துணியை உடுத்தவே கூடாது என்று சட்டம் போட்டான். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, அவன் ஊர் நெசவாளிகள் தெருவில் போகிற பெண்கள் உடுத்தியிருந்த துணியைப் பிடித்துக் கிழித்தார்கள். நம் துணிக்கு இந்த அநியாயம் புதிதில்லை. உத்தரவு போட்டவர் மேல் உனக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அவரிடம் நீ சண்டைக்குப் போகவில்லையே. என் பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு நீ அவன் பின்னால் நின்றுகொண்டாய்.

அதற்கு அடுத்து நீ சொன்னதுதான் என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது. யாராவது கேட்டால் அச்சுதன் ஏமாற்றிவிட்டான் என்று முகிலன் சொல்லட்டும், என் பெயர் வர வேண்டாம் என்றாய். அப்போது தாள்களில் டைப் அடித்தது யார் என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது. கட்டானதா, கட் பண்ணினாயா என்று தெரியவில்லை. அதன்பிறகு நான்கு நாளாக நீ வெளியூர் என்கிறார்கள். அச்சுதனின் சிவப்புக் காரும் இந்தத் தெருவுக்கு வருவதில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நாற்பது பெட்டியில் ஒன்றைக்கூட முகிலன் விற்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப ஒட்டிக் கேரேஜில் அடுக்கிவிட்டான். கார்கள் வெளியே நிற்கின்றன. யாமினி அவனோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் அவளே ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து எங்களைக் கூட்டிப்போனாள். அவர்கள் பிடிப்பதற்கு முன்னால் நாமே சுங்க அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டால் அது வேறு, பிடிபட்டால் அது வேறு என்று அந்த அம்மாள் சொன்னார். வரியும் அபராதமும் கட்டுவதோடு முடிய வாய்ப்பு உண்டு. ஆனால் சரக்கு அனுப்பியவர் வாயிலிருந்து உண்மை வராவிட்டால், கையெழுத்து முகிலனுடையது, ஆகவே பொய்யும் முகிலனுடையது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள் என்றார். அதற்குப் பிறகு நேர்காணல் என்ன ஆகும் என்று அவரே சொல்லத் தயங்கினார்.

நேர்காணலுக்கு முன்னால், இருபதாம் தேதிக்குள் சுங்கத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வக்கீல் உன் பெயரையும் உன் போன் நம்பரையும் கேட்டபோது முகிலன் கொடுக்கவில்லை. இருபது வரைக்கும் வெயிட் பண்ணுவோம் என்றான். காரில் வரும்போது ஏன்டா என்று கேட்டேன். டோல்வே நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“மாமா எழுதுவாரும்மா. எழுதாம இருக்க மாட்டாரு.”

அவன் மாமாவைப் பற்றி அவனுக்கு இருக்கிற நம்பிக்கை எனக்கு இல்லை, செழியா. அதற்குக் காரணம் இருக்கிறது. இத்தனை வருஷம் நாம் பேசாத காரணம்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா வெளியூரில் இருந்த ஒரு மாதம், மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்துக்கு என்னிடம் வந்தாய். நான் அப்போது டீச்சர் டிரெய்னிங்கில் இருந்தேன். கணக்கில் 38 என்றிருந்ததை 88 ஆக்கியிருந்தாய். மையின் நிறம்கூட வேறு. நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். அப்பா அடிப்பாரே என்று எனக்குப் பரிதாபம். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஸ்கூலில் அடி உனக்கு விழவில்லை. அக்காவே சரி பார்த்திருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். உன் வாழ்க்கையில் உனக்காக உண்மை தெரிந்தும் போடப்பட்ட முதல் கையெழுத்து என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் ஊரான் பிள்ளைகளின் காப்பியைக் கண்டுபிடித்தேன். வீட்டில் நடந்ததற்குத் துணை போனேன். ஆகவே உன்னைக் குற்றம் சொல்லிவிட்டு நான் நல்லவளாக ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை.

நீ எழுதினால் உனக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் எழுதச் சொல்லவில்லை. உனக்குத் தொல்லை வரும். வாங்குகிறவர்கள் போகலாம், அங்கேயும் விசாரணை வரலாம். நான் டிசம்பர் நான்காம் தேதி புறப்படுகிறேன். நேராகக் கரூர் வந்து, நீ எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் உன்கூட வருவேன். மயிலாத்தாள் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொன்னாயே, அவளையும் மற்றவர்களையும் பற்றி அப்போது சேர்ந்து யோசிப்போம். அவள் பென்சில் குறியால்தான் எனக்குத் தெரிந்தது என்பதற்காக அவளை வேலையை விட்டு நிறுத்தினால், அன்றோடு நான் உனக்கு அக்கா இல்லை. இதைக்கூட எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் இருக்கும் அளவுக்கு உன்மேல் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

கூரியரில் வரும் இந்த உறையில் ஒரு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். அதன் கீழே யார் கையெழுத்தும் இல்லை. முதலில் எழுது. யார் லேபிள் தைக்கச் சொன்னது, யார் அந்தத் தாளில் டைப் அடிக்கச் சொன்னது, முகிலனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது. அதன்பிறகு கையெழுத்துப் போடு. நீ எந்த நாளும் அப்படிச் செய்ததில்லை. இந்த ஒரு தடவை செய்.

நம் ஊர்த் தபால் ஆபீஸில் மறுபடி வாங்குகிறார்களாம், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு. இருபதாம் தேதி வரை நான்தான் தபால் பெட்டிச் சாவியை வைத்திருக்கிறேன். தினமும் பதினொரு மணிக்குத் தெருமுனைக்குப் போய்த் திறந்து பார்க்கிறேன்.  நான் திரும்பி வரும்போது முகிலன் ஜன்னலுக்கு உள்ளே நின்று என் கையை மட்டும் பார்க்கிறான்.

இந்த இரண்டு மாதத்தில் நான் சந்தேகப்பட்டது எல்லாம் உண்மையாகிவிட்டது, தம்பி. நீ எழுத மாட்டாய் என்றும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த ஒன்றையாவது பொய்யாக்கு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
வசந்தாமணி